பூண்டுப் பாத்தி புகட்டும் பாடம்



அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது நம் முன்னோர் வாக்கு. இவ்வாக்கைக் கரும்பலகையில் எழுதி விளக்குதல் எளிது. ஆயினும், எழுத்தால் உள்ளத்தில் பதியாத ஒன்றை ஒரு சாண் மண் பதிய வைத்துவிடும் என்பதை எம் பணிக்காலத்தில் யாம் பலமுறை கண்டிருக்கிறோம். எனவே, தலைமையாசிரியர் வழக்கமாக வழங்கும் அறிவுரைகளை இவ்வாண்டு சற்றே ஒதுக்கிவைத்து, நம் அடுக்களையில் அன்றாடம் புழங்கும் வெள்ளைப்பூண்டைப் பற்றி எழுதத் துணிந்தோம். செடிக்கும் செடிக்கும் எவ்வளவு இடம் விடுவது? எத்தனை நாளுக்கு ஒருமுறை நீர் வார்ப்பது? இவ்விரு வினாக்களே இக்கட்டுரையின் பொருள். விடை சிறியது போலத் தோன்றும். ஆனால், ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானமும் ஒரு நிலத்தின் இருபதாண்டு வாழ்வும் அதில் அடங்கியுள்ளன.

ஜார்ஜ் டவுன் நகரின் லிட்டில் இந்தியா வட்டாரத்து மளிகைக் கடைகளிலும், சௌராஸ்தா சந்தையிலும் வலைப்பைகளில் கட்டி வைத்திருக்கும் பூண்டைக் காணாதார் இலர். மீன் குழம்புக்கும் இரசத்துக்கும் அது வேண்டும். பிள்ளை பெற்ற தாய்மாருக்கு ஆக்கும் பத்தியக் குழம்புக்கும் அது வேண்டும். எனினும், அப்பூண்டு நம் மண்ணில் விளைந்ததன்று. அதன் பெரும்பகுதி சீனாவிலிருந்து கப்பலேறி வருகின்றது. உலகில் விளையும் பூண்டில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு சீன நாட்டினுடையதே. அந்நாட்டின் ஷான்டோங் மாநிலம் பூண்டு விளைச்சலுக்குப் பேர்பெற்றது.

"வீட்டில் வைத்திருக்கும் பூண்டு தானாகவே முளைக்கிறதே, ஐயா! நட்டால் இங்கே விளையாதா?" என்று மாணவர் வினவுவதுண்டு. நல்ல வினா. நட்டால் முளைக்கும், பச்சைத் தாளும் விடும். ஆனால், மண்ணுக்கடியில் தலை திரள்வது அரிது. பூண்டு குளிரை விரும்பும் பயிர். அது தொடக்கத்தில் சில வாரங்கள் குளிர்ச்சியில் இருத்தல் வேண்டும். பிறகு பகற்பொழுது நீளுதல் வேண்டும். அப்போதுதான் இலை விடுவதைக் குறைத்துக்கொண்டு, உணவையெல்லாம் அடியில் சேர்த்துப் பல்பல்லாகத் திரளும். பினாங்கோ பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 5 பாகையிலேயே உள்ளது. இங்கு ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் அரை மணி அளவே வேறுபாடு. வெப்பநிலையும் ஆண்டு முழுவதும் 27, 28 பாகை செல்சியசைச் சுற்றியே நிற்கின்றது. ஆகவே, நாம் பூண்டுத் தாளைப் பறித்துச் சமைக்கலாமேயன்றித் தலைப்பூண்டு எதிர்பார்த்தல் இயலாது. பூண்டின் உறவுச் செடியான கூச்சாய் நம் வெப்பத்தில் நன்கு வளர்வதால், கொய்தியாவ் வறுக்கும் கடைக்காரர் அதனை இங்கேயே வாங்கிக்கொள்கின்றார்.

தமிழர் பூண்டு விளைக்கும் கழனிகளைக் காண விரும்புவோர் தமிழ்நாட்டு மலைகளுக்குச் செல்லுதல் வேண்டும். நீலகிரியும் கொடைக்கானலும் இதற்குப் புகழ்பெற்றவை. கொடைக்கானல் மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி முதலிய சிற்றூர்களில், ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில், மலைச்சரிவைப் படிக்கட்டுப் போல வெட்டிப் பூண்டு பயிரிடுகின்றனர். பூம்பாறையில் குழந்தை வேலப்பர் எழுந்தருளியிருக்கின்றார் என்பதைத் தண்ணீர்மலை முருகனை வழிபடும் நம் பினாங்கு மக்களுக்கு மகிழ்வோடு சொல்லிவைக்கிறோம். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அதாவது, அம்மலையில் விளைந்ததையன்றி வேறெதனையும் அப்பெயரால் விற்றல் கூடாது என்னும் சட்டப் பாதுகாப்பு அதற்குக் கிட்டியது. மலையிலிருந்து இறங்கும் பூண்டுக்குத் தேனி மாவட்டத்து வடுகபட்டிச் சந்தையில் விலை பேசுகின்றனர்; நீலகிரிப் பூண்டு மேட்டுப்பாளையத்துச் சந்தைக்கு வருகின்றது.

பூண்டைப் பற்றி நம் மாணவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. நெல்லைப் போலவோ வெண்டையைப் போலவோ அது விதையால் பெருகுவதில்லை. சென்ற பருவத்துப் பூண்டின் பல்லே இப்பருவத்தின் விதை. பாட்டன் நட்ட பல்லின் வழிவந்ததையே பேரன் நடுகின்றான். இதில் ஒரு நன்மையும் ஒரு தீமையும் உள. மணமும் காரமும் மாறாமல் தலைமுறை தலைமுறையாகத் தொடர்வது நன்மை. பல்லுக்குள் நோய் புகுந்துவிட்டால் அந்நோயும் தலைமுறைச் சொத்தாகத் தொடர்வதே தீமை. எனவேதான் பூண்டு விளைப்போர், நோயற்ற பாத்தியிலிருந்து பருத்த தலைகளைத் தேர்ந்து, அவற்றின் வெளிவரிசைப் பெரிய பற்களையே விதைக்கு எடுத்துவைப்பர். பாத்தியில் நோய் நுழையாமல் காப்பது அவ்வாண்டு விளைச்சலைக் காப்பது மட்டுமன்று, மரபையே காப்பதாகும்.

இனி, இடைவெளியைப் பற்றிக் கூறுவோம்.

நெற்பயிருக்கிடையே நண்டு ஓட வேண்டும், கரும்புக்கிடையே நரி ஓட வேண்டும், வாழைக்கிடையே வண்டி ஓட வேண்டும், தென்னைக்கிடையே தேர் ஓட வேண்டும் என்று நம் முன்னோர் கணக்கு வைத்தனர். தோட்டத்தில் பிறந்த நமக்கும் இது புதிதன்று. பால்மரங்களை நிரைநிரையாக அளந்து நட்டதைக் கண்டுதானே நாம் வளர்ந்தோம்? பூண்டுக்குரிய அளவு விரற்கணக்கில் அடங்கும். மகாராட்டிர மாநிலம் இராஜகுருநகரில் உள்ள வெங்காயம், பூண்டு ஆராய்ச்சி நிலையத்தார் வரிசைக்கு வரிசை 15 சென்டிமீட்டரும் செடிக்குச் செடி 10 சென்டிமீட்டரும் விடும்படி பரிந்துரைக்கின்றனர்.

மாணவர்களே, அடிக்கோலை எடுங்கள். ஒரு கணக்குச் செய்வோம். ஒரு மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் நீளமும் உள்ள பாத்தியின் பரப்பு 30,000 சதுரச் சென்டிமீட்டர். 10க்கு 10 என நட்டால் 300 செடிகள் பிடிக்கும். 15க்கு 10 என நட்டால் 200. 20க்கு 10 என நட்டால் 150. கணக்கின் பொருட்டு, நெருக்க நட்ட செடியின் தலை ஒவ்வொன்றும் 24 கிராம் என்றும், நடுத்தர இடைவெளியில் 35 கிராம் என்றும், அகல நட்டதில் 40 கிராம் என்றும் வைத்துக்கொள்வோம். முதற் பாத்தியில் 7,200 கிராம். இரண்டாவதில் 7,000 கிராம். மூன்றாவதில் 6,000 கிராம். நெருக்க நட்டவரே வென்றார் போலத் தோன்றுகின்றதன்றோ? எண்கள் நாம் புனைந்தவை, போக்கு உண்மையானது. நெருக்கினால் ஓர் எல்லைவரை மொத்த எடை கூடும், தலை சிறுக்கும். அகற்றினால் தலை பருக்கும். மொத்த எடை குறையும்.

ஆனால், இக்கணக்கில் சேராத ஒன்று உண்டு, அதுவே நோய். முதற் பாத்தியில் மூன்றில் ஒரு பங்கு நோயால் அழிந்தால், எஞ்சும் 200 செடிகள் 4,800 கிராமே தரும். நெருங்கிய பாத்தியில் நோய் ஏன் மிகுகின்றது? தாள்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் இடையே காற்று நுழைவதில்லை. இரவுப் பனியும் மழை ஈரமும் இலைமேல் நெடுநேரம் தங்குகின்றன. பூண்டு இலையில் ஊதா நிறத் திட்டுகளைத் தோற்றுவிக்கும் பூசணம், ஈரம் பல மணி நேரம் நீடித்தாலன்றி இலைக்குள் புக இயலாது. ஈரம் விரைவில் உலர்ந்தால் பூசணத்தின் வித்துகள் இலைக்குள் புகுதல் அரிது. ஆகவே, இரு செடிகளுக்கிடையே நாம் விடும் வெற்றிடம் வீணன்று. அது காற்றும் வெயிலும் வந்துபோகும் வழி.

மண்ணுக்குள்ளும் இதே கதைதான். வெள்ளை அழுகல் நோய் என ஒன்றுண்டு. குளிர்நாட்டுப் பூண்டு, வெங்காயக் கழனிகளை அது பாழாக்கும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துப் பூண்டு விவசாயிகள் அதற்கு நடுங்குகின்றனர். அப்பூசணம் ஒரு செடியின் வேரிலிருந்து அடுத்துள்ள செடியின் வேருக்குத் தாவும். வேர்கள் நெருங்கப் பின்னியிருந்தால் அதற்கு வழி எளிது. அச்செடி அழுகியபின், கசகசா அளவே உள்ள கரிய உருண்டைகளாகப் பூசணம் மண்ணில் தங்கிவிடும். இருபது ஆண்டுகளுக்கு மேலும் அவை உறங்கிக் கிடந்து, மீண்டும் பூண்டையோ வெங்காயத்தையோ நட்ட அன்று விழித்தெழும். ஒருவர் காலணியில் ஒட்டிய சேறே அவ்வுருண்டைகளை அடுத்த கழனிக்குச் சுமந்து செல்லப் போதும். முதலாம் ஆண்டில் நம்மிடம் சேரும் பிள்ளை வளர்ந்து, மணம் முடித்து, தன் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துவரும் காலம் வரையில் அந்நிலத்தில் பூண்டு நட இயலாது என்றால், இழப்பின் அளவை உணரலாம்.

நோய் ஒரு நாட்டின் பயிர்த்தொழிலையே மாற்றிவிடும் என்பதற்கு நம் பினாங்குத் தீவே சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்தீவில் ஜாதிக்காய்த் தோட்டங்கள் செழித்திருந்தன. 1860ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் மரங்களைத் தாக்கிய நோய் அத்தோட்டங்களை அழித்தது. பணம் முடக்கியோர் பலர் நொடித்தனர். இன்று பாலிக் பூலாவ் பக்கம் எஞ்சி நிற்கும் ஜாதிக்காய் மரங்கள் பழங்காலத்தின் மிச்சமாகவே விளங்குகின்றன.

நிற்க. நீரைப் பற்றியும் கூறவேண்டும்.

பூண்டின் வேர் ஆழமாக இறங்குவதன்று. மேல்மண்ணிலேயே பரவி நிற்பது. ஆதலால், நீர் அறவே இல்லையேல் விரைவில் வாடும்; தலை திரளும் காலத்தில் வறட்சி நேர்ந்தால் பல் சிறுத்துப்போகும். வறண்ட காலத்தில் இலைப்பேன் பெருகித் தாளை உறிஞ்சும் என்பதும் உண்மை. அதற்காக மண்ணை நாள்தோறும் நனைத்தலும் ஆகாது. மண்துகள்களுக்கிடையே உள்ள நுண்ணிய துளைகளில் காற்று இருக்கின்றது. வேர் அக்காற்றைக் கொண்டே சுவாசிக்கின்றது. நீர் அத்துளைகளை ஓயாது நிரப்பி நின்றால் வேர் மூச்சடைத்து நலியும். நலிந்த வேரில் அடியழுகல் நோய் எளிதிற் புகும். ஆகவே, நட்டவுடன் ஒருமுறை, வேர் பிடிக்குங்கால் ஒருமுறை, பின்னர் மண்ணையும் மழையையும் பார்த்து வாரத்துக்கு ஒருமுறை அல்லது சற்றுத் தள்ளி நீர் பாய்ச்சுதலே பொது வழக்கம். அறுவடைக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன் நீரை அறவே நிறுத்திவிடுவர். கடைசியில் விடும் நீர் பூண்டைப் பருக்கச் செய்வதில்லை. மேல்தோலை அழுகச் செய்து, பல்லைப் பிளக்கச் செய்து, சேமிப்பில் கெடச் செய்வதே அது செய்யும் வேலை.

இவற்றையெல்லாம் நூலிற் படித்ததோடு அமையாமல், சில ஆண்டுகளுக்கு முன் எம் பள்ளித் தோட்டத்தில் மாணவரைக் கொண்டே செய்து பார்த்தோம். ஆண்டின் தொடக்க மாதங்களில் நம் வட்டாரத்தில் மழை குறையும். அக்காலத்தை ஒட்டிக் கடைப்பூண்டை வாங்கி, பல் பிரித்து, தாளுக்காக நட்டோம். இடைவெளிக்கு மூன்று பாத்திகள்; மேலே கணக்கிட்டவாறே 300, 200, 150 பற்கள். நீருக்கோ நாற்றுப் பைகளில் நட்டு, மழை படாதபடி தாழ்வாரத்தின் ஓரத்தில் அடுக்கினோம். ஒரு வரிசைக்குக் காலையும் மாலையும் நீர். ஒரு வரிசைக்கு நாளுக்கு ஒருமுறை. ஒரு வரிசைக்கு விரலின் இரண்டாம் கணுவரை மண்ணில் செருகிப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் நீர். அறிவியல் பாடத்தில் வரும் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்னும் சொற்களுக்கு அன்றுதான் உயிர் வந்தது. நீரின் அளவைச் சோதிக்கும்போது மண்ணும் வெளிச்சமும் ஒன்றாய் இருத்தல் வேண்டும் என்பதை ஐந்தாம் ஆண்டு மாணவர் எமக்கே விளக்கினர்.

முதல் இரண்டு வாரங்களில் இருவேளை நீருண்ட வரிசையே முந்தி நின்றது. அவ்வரிசைக்குப் பொறுப்பேற்ற பிள்ளைகளின் முகத்தில் பெருமிதம் பொங்கியது. விரல் வைத்துப் பார்த்த குழுவினர் வாடிய முகத்தோடு, "நாங்களும் கூட ஊற்றலாமா, ஐயா?" என்று கேட்டவண்ணம் இருந்தனர். மூன்றாம் வாரத்தில் காட்சி மாறலாயிற்று. முந்தியிருந்த வரிசையின் இலைநுனிகள் மஞ்சளாயின. தாள்கள் அடியிலிருந்து சாய்ந்தன. பைகளைக் கீறி வேரைக் கழுவிப் பார்த்தபோது, ஒரு வரிசையில் வேர் பழுப்பேறி நாற்றமடித்தது. விரற்குழுவின் பைகளில் வேர் வெண்மையாய் நூல்நூலாய்ப் பிடித்திருந்தது. நாளுக்கு ஒருமுறை நீருண்டவை இரண்டுக்கும் நடுவே நின்றன.

பாத்திகளிலும் வேறுபாடு தெரிந்தது. நெருக்க நட்ட பாத்தியில் காலை மணி பத்தாகியும் இலையிடுக்கில் ஈரம் இருந்தது. அகல நட்டதில் பள்ளி மணி அடித்த சிறிது நேரத்திலேயே உலர்ந்துவிட்டது. நெருங்கிய பாத்தியில் ஒரு மூலையில் தோன்றிய இலைப்புள்ளி அடுத்தடுத்த செடிகளுக்குப் பரவிற்று. அகன்ற பாத்தியில் அத்தொல்லை குறைவு. ஆயின் அங்கே வேறொரு தொல்லை: வெற்றிடமெங்கும் களை மண்டிற்று. அதனைப் பறிப்பதற்கே அக்குழுவினரின் ஓய்வுநேரம் போயிற்று.

ஒருநாள் பேரனை அழைத்துப்போக வந்த மூதாட்டி ஒருவர், தாழ்வாரத்தில் சாய்ந்து கிடந்த செடிகளைக் கண்டு நின்றார். நாற்பதாண்டுகள் பால்மரம் சீவியவர். நாற்றுமேடையிலும் வேலை பார்த்தவர். பையின் மண்ணைக் கட்டைவிரலால் அழுத்தினார், நீர் கசிந்தது. "பிள்ளைங்க பாசத்துல ஊத்துதுங்க, ஐயா. செடிக்கு மூச்சு முட்டுதுங்க" என்றார். "அம்மா, இதனைத்தான் ஒரு வாரமாக இவர்களுக்குப் படம் வரைந்து விளக்கிக்கொண்டிருக்கிறோம்" என்றோம். அவர் சிரித்தார். மண்துளை, காற்று, சுவாசம் என்னும் பாடத்தை அவர் எங்கும் படித்தவரல்லர். ஆயினும் அவர் விரலுக்கு அது தெரிந்திருந்தது. அன்று மாலை மாணவர் தம் குறிப்பேட்டில் எழுதிய முடிவுரை பலவற்றில் அம்மூதாட்டியின் சொல்லே இடம்பெற்றது.

எனவே, எந்த இடைவெளி சிறந்தது, எத்துணை நீர் சிறந்தது என்று கேட்பார்க்கு ஒரே விடை இல்லை. பச்சைத் தாளுக்காக நடுபவர் நெருக்க நட்டு இளமையிலேயே பறித்துக்கொள்ளலாம். சந்தைக்கு விளைப்பவர் நடுத்தர இடைவெளியைக் கொள்வர். விதைப்பூண்டு வேண்டுவோர் எடையை ஓரளவு விட்டுக்கொடுத்தேனும் நோயற்ற, பருத்த தலையையே நாடுதல் வேண்டும். ஏனெனில் அடுத்த தலைமுறை அதிலிருந்தே வரவேண்டும்.

இவ்விடத்தில் பெற்றோருக்கு ஒரு சொல். பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. 150க்குக் குறைந்த மாணவர் பயிலும் பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என வகைப்படுத்துவர். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாற, குடும்பங்கள் நகரை நாடிச் செல்லச் செல்ல, எம் பள்ளியைப் போன்ற தோட்டப் பள்ளிகளின் வகுப்பறைகளில் நாற்காலிகள் காலியாகின்றன. 'இத்தனை குறைந்த பிள்ளைகளோடு என் மகன் என்ன கற்கப்போகிறான்?' என்னும் கவலை உங்கள் உள்ளத்தில் எழுவதை யாம் அறிவோம். வெற்றிடம் முழுவதும் இழப்பன்று என்பதே எம் விடை. பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையின் முகமும் ஆசிரியருக்குத் தெரியும். எவனுக்கு எழுத்து வரவில்லை, எவள் பசியோடு வந்தாள் என்பது முதல் மணியிலேயே விளங்கும்.

ஆனால், அகன்ற பாத்தியில் களை மண்டும் என்பதையும் மறைத்தல் முறையாகாது. போட்டியில்லாத இடத்தில் சோம்பல் முளைக்கும். சிறிய பள்ளிதானே என்னும் மெத்தனம் ஆசிரியரிடத்தும் தலைதூக்கும். அக்களையை நாள்தோறும் பறித்தல் எம் கடமை. நீரின் அளவைக் காத்தலோ உங்கள் கடமை. பள்ளிக்குப் பின் ஒரு துணைப்பாட வகுப்பு, அதன்பின் மற்றொன்று, இரவில் இன்னொன்று என நாள்தோறும் இருவேளை நீர் வார்க்கும் பெற்றோரையும் காண்கிறோம். பரிசளிப்பு நாளுக்கு வந்து ஒருமுறை எட்டிப் பார்த்துச் செல்வாரையும் காண்கிறோம். விரலை மண்ணில் வைத்துப் பாருங்கள். பிள்ளையோடு அரை மணி நேரம் அமர்ந்து பேசினால், எது உலர்ந்திருக்கின்றது, எது நனைந்திருக்கின்றது என்பது உங்களுக்கே புலப்படும்.

எம் பள்ளித் தோட்டத்தில் இப்போது கூச்சாயும் வெண்டையும் கத்தரியும் நிற்கின்றன. செடிகளுக்கிடையே அளந்து விட்ட இடமும் இருக்கின்றது. சனிக்கிழமை காலையில் களை பறிக்க ஆள் வேண்டும். மண்வெட்டி பள்ளியிலேயே உள்ளது. பெற்றோர் வந்தால் போதும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!